வேலையைக் கொடுத்தோம், பையைக் கொடுத்தோமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இளைஞர்கள் பொறுப்பெடுக்க முன்வருவதில்லை என்று உங்கள் வாசகர் பகுதியில் மாதத்துக்கு ஒருவராவது எழுதிவிடுகிறார். கோயில் நிர்வாகமாக இருக்கும், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கமாக இருக்கும், இல்லாவிட்டால் காற்பந்துக் குழுவாக இருக்கும், புலம்பல் மட்டும் ஒன்றேதான். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள், அதாவது அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள். நானும் சில வருடங்களுக்கு முன்பு ஒரு தைப்பூச ராத்திரி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த ராத்திரி நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் கட்சி மாறினேன் என்பது புரியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்குத் தைப்பூசத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரதங்கள் முதல் நாளே ஜோர்ஜ்டவுனிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் சிதறு தேங்காய் வாங்கிக்கொண்டு தண்ணீர்மலைக்கு வந்து சேர இருட்டிவிடும். அப்புறமும் கூட்டம் குறையாது, கூடத்தான் செய்யும். காவடி, பால்குடம், நேர்த்திக்கடனுக்கு வருகிற சீனர்கள், கேமராவும் கையுமாக வெள்ளைக்காரர்கள், இவர்கள் எல்லாரும் நடந்து வருகிற சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். அதில் ரொம்பச் சின்னது எங்களுடையது. பெயர் வேண்டாம். பதினான்கு வருடமாக நான்தான் அதற்குத் தலைவன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு செய்தவன் யார் என்று தெரிய வேண்டும்.

அந்த வருடம் தண்ணீர், மோர், சிராப் எல்லாவற்றையும் ஒரு தம்பியிடம் ஒப்படைத்திருந்தேன். இருபத்து மூன்று வயது, பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன், சுறுசுறுப்பான பையன். "இது உன் பொறுப்பு தம்பி, நான் தலையிட மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் தோளில் தட்டிச் சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் ஐஸ் தீர்ந்துவிட்டது. நான் அப்போது என் அக்கா மகளின் பால்குடத்துக்குப் பின்னால் மலையேறிக்கொண்டிருந்தேன், 513 படி, கைப்பேசி பைக்குள்ளே சத்தமில்லாமல் கிடந்தது. கீழே ஐஸ்காரரின் லாரி வந்து நின்றிருக்கிறது. பன்னிரண்டு மூட்டை, 72 வெள்ளி, அதாவது ரிங்கிட். பையன் என்னை ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறான். ஐஸ்காரர் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு அடுத்த பந்தலுக்கு இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு நான் இறங்கி வந்தபோது சிராப் வெதுவெதுவென்று இருந்தது. ஒரு பாட்டி ஒரு வாய் குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை, கப்பைத் திரும்ப எங்கள் மேசையிலேயே வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தார். எனக்கு வந்ததே கோபம். "எழுபத்திரண்டு வெள்ளிக்கு வழியில்லையா? உன் கையிலிருந்து போட்டிருந்தால் நான் தராமல் போய்விடுவேனா?" என்று கத்தினேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போன வருஷம் வாழையிலை வாங்கின அண்ணனை நீங்க மீட்டிங்கில என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்காண்ணே?" என்றான்.

இருந்தது. இலை தீர்ந்துபோனதென்று அந்தப் பையன் ஓடிப்போய் நாற்பது வெள்ளிக்கு இலை வாங்கி வந்திருந்தான், நல்ல வேலைதான் செய்தான், ஆனால் கணக்குப் பார்க்கிற கூட்டத்தில் இருபது பேர் முன்னால் "யாரைக் கேட்டு வாங்கினே?" என்று நான் கேட்டேன். சும்மா கேட்டதுதான். அவன் அடுத்த வருடம் வரவில்லை. "இந்தக் காலத்துப் பசங்க எதிலும் நிலைத்து நிற்பதில்லை" என்று அவனைப் பற்றியும் நான் யாரிடமோ சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பந்தல் பணம் முழுவதும், இரண்டாயிரத்துச் சொச்சம், என் இடுப்புப் பையில் இருந்தது. பொறுப்பைக் கீழே அவனிடம் விட்டுவிட்டு, பணத்தைக் கட்டிக்கொண்டு 513 படி ஏறியிருக்கிறேன்.

வெட்கம் என்னவென்றால் இந்தப் பாடத்தை எனக்கு முப்பது வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் 1988இல் பாயான் லெப்பாசில் வேலைக்குச் சேர்ந்தவன். அந்தத் தொழில் மண்டலம் 1972இல் தொடங்கியது, இண்டெல் வந்ததும் அதே வருடம்தான், நான் போன காலத்தில் பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து பினாங்குப் பாலம் வழியாகத் தீவுக்கு பெக்டரி பஸ் பஸ்ஸாக ஆட்கள் போவார்கள். பாலம் திறந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, காலை ஷிப்டுக்குப் போகிறபோது பாதிப்பேர் தூங்கி வழிய, நான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு போவேன். ஆபரேட்டராகச் சேர்ந்து, லைன் லீடராகி, கடைசியில் சூப்பர்வைசராக வேலையை விட்டேன். நான் லைன் லீடரானபோது எனக்கு மேலே ஒரு மலாய்க்கார அம்மா சூப்பர்வைசராக இருந்தார். எல்லாரும் காக் என்போம், மலாயில் அக்கா என்று அர்த்தம்.

காக் முதல் வாரமே ஒரு அரைத் தாளைக் கிழித்து மூன்று பத்தி போட்டார். முதல் பத்தியில் நானே முடிவு செய்யக்கூடியவை: யாரை எந்த மெஷினில் போடுவது, யாருக்கு எப்போது டீ பிரேக், யாராவது லீவு என்றால் யாரை மாற்றுவது. இரண்டாவது பத்தியில் செய்துவிட்டு அவரிடம் சொல்ல வேண்டியவை: ஓவர்டைம் பட்டியல், மெஷினை நிறுத்திப் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுவது. மூன்றாவதில் கேட்காமல் செய்யக்கூடாதவை, அது இரண்டே வரி, ஒரு லாட்டை, அதாவது ஒரு தொகுதிச் சரக்கை, வெளியே அனுப்புவது, ஒருவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது. அந்தத் தாளை நான் பல வருடம் லாக்கர் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். பின்னால் எத்தனையோ ஹோட்டல்களில் நடந்த தலைமைத்துவப் பயிற்சிகளுக்குப் போய் மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன், அந்த அரைத் தாளைவிட உருப்படியாக எதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் தாளைவிடப் பெரிது அவர் அடுத்த நாள் செய்த காரியம். ஷிப்ட் தொடங்குவதற்கு முன் லைனில் இருந்த நாற்பது பேரையும் நிறுத்தி, "இன்றிலிருந்து ஓவர்டைம் பட்டியல் இவனிடம், என்னிடம் வராதீர்கள்" என்றார். வராமல் இருப்பார்களா? ஒரு மாதம் வரை ஒவ்வொருவராக அவரிடமே போனார்கள், எனக்கு சனிக்கிழமை வேண்டும், எனக்கு வேண்டாம் என்று. காக் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார், என் பக்கம் விரலை நீட்டி, "தாஞா டியா" என்பார், அவனைக் கேள் என்று. அந்த இரண்டு சொல்தான் எனக்குக் கிடைத்த அதிகாரம். அவர் ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு தடவை, சரி நான் சொல்லிவிடுகிறேன் என்றிருந்தால் அத்தோடு என் கதை முடிந்திருக்கும். நம் ஆட்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒருவனிடம் பொறுப்பைக் கொடுத்தேன் என்று அவனிடம் மட்டும் சொல்கிறோம், மற்றவர்களிடம் சொல்வதில்லை, சொன்னாலும் அவர்கள் நம்மிடமே வரும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் வருவதில்லை.

அப்புறம் நான் தப்பும் செய்தேன். ஒரு மாதத்தில் ஒருவருக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கொடுக்கக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். எனக்கு அது தெரியும், ஆனால் கணக்கை ஒழுங்காக வைக்கவில்லை. ஒரு அக்கா மகனுக்குப் பள்ளிச் செலவு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் பெயரைப் போட்டுக்கொண்டே இருந்தேன், மாதக் கடைசியில் மனிதவள அலுவலகம் பிடித்துவிட்டது. காக் அம்மாவைக் கூப்பிட்டார்கள். என் பெயரை அவர் சொல்லவே இல்லை, "என் லைனில் நடந்தது, என் தவறு" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து என்னிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் போடச் சொன்னார். திட்டினாரா என்றால் திட்டினார், தனியாகக் கூப்பிட்டு நன்றாகவே திட்டினார். ஆனால் பட்டியலை என்னிடமிருந்து திரும்ப வாங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் யாரோ அவரிடம் போனார்கள், அப்போதும் அதே "தாஞா டியா"தான்.

இதையே நேர் எதிராகச் செய்தவர்களையும் அதே இடத்தில் பார்த்திருக்கிறேன். பக்கத்து லைனில் பெரிய போர்டு வைத்தார்கள், கோளாறு கண்டால் யார் வேண்டுமானாலும் லைனை நிறுத்தலாம் என்று. ஜப்பானில் தோயோத்தா தொழிற்சாலைகளில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. தொழிலாளி தலைக்கு மேலே இருக்கிற கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், கார் அந்தக் கட்டத்தின் எல்லையைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடியவில்லை என்றால் லைன் நின்றுவிடும். எங்கள் இடத்துக்கும் அந்தக் காற்று வீசியது, போர்டும் வந்தது. இரண்டாவது வாரம், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஐசி சில்லுகளின் கால்கள் வளைந்து வருவதைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அந்த லைன் சூப்பர்வைசர் வந்த வேகத்தில் கேட்ட முதல் கேள்வி, "யார் நிறுத்தச் சொன்னது?" என்பதுதான். அவள் போர்டைக் காட்டினாள். போர்டைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. அதற்கப்புறம் அந்த லைனை யாரும் நிறுத்தவில்லை, ஒரு முழு லாட் வாடிக்கையாளரிடம் போய்த் திரும்பி வந்தபோதுகூட, "நான் பார்த்தேன் ஆனா சொல்லல" என்று கேன்டீனில் மூன்று பேர் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். நான் வாழையிலைப் பையனிடம் கேட்டதும் அதே கேள்விதான், சொல்கூட அதிகம் மாறவில்லை.

இந்தக் கேள்வி நம் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். என் அப்பா கெடா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போவார்கள், ராத்திரி மழை பெய்திருந்தால் மரம் நனைந்திருக்கும், அப்போது வெட்டினால் பால் மங்குக் கிண்ணத்தில் விழாமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அப்பாவுக்கு மரத்தைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஆட்களை மேய்க்கிற தண்டலுக்கும் தெரியும். ஆனால் தண்டல் கணக்கெழுதுகிற கிராணியைப் பார்ப்பார், கிராணி தோட்ட மேலாளரான துரை வீட்டுப் பக்கம் பார்ப்பார், எல்லாரும் வாளியோடு நின்றுகொண்டே இருப்பார்கள், பக்கத்தில் இருக்கிற மரம் வெட்டத் தகுந்ததா இல்லையா என்று அரை மைலுக்கு அப்பால் இருக்கிற ஒருவர் சொல்கிற வரைக்கும். அப்பா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். தோட்டம் போய்விட்டது, அங்கே இப்போது வீடமைப்பு வந்துவிட்டது. ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால் அதற்குள்ளே ஒரு துரை, ஒரு கிராணி, ஒரு தண்டல் தானாக முளைத்துவிடுகிறார்கள். எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை, என் அப்பா சொன்னதைச் சொல்கிறேன்.

அதிகாரத்தைக் கொடுத்தால் தலைவருக்கு மரியாதை குறையும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த நாட்டில் இதற்கென்றே 1956ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு மத்திய அமைச்சர் சட்டம் தனக்குக் கொடுத்திருக்கிற அதிகாரத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டுமானால் அரசிதழில் அறிவிக்க வேண்டும், யாருக்கு என்று ஆளின் பெயரையோ பதவியையோ குறிப்பிட வேண்டும், என்ன நிபந்தனை, என்ன வரம்பு என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். அமைச்சரே ஊரறிய எழுதிக் கொடுத்தால்தான் செல்லும், நாம் என்னவோ தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு எல்லாம் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே, அங்கே சாதாரண ஊழியர்கூட ஒரு விருந்தாளியின் குறையைத் தீர்க்க 2,000 அமெரிக்க டாலர் வரை மேலதிகாரியைக் கேட்காமல் செலவு செய்யலாம் என்பது உலகம் அறிந்த விஷயம். நான் 72 வெள்ளிக்குக் கத்தினேன்.

நம் மேடைகளில் ஒரு குறளை அடிக்கடி கேட்பீர்கள், இந்த வேலையை இந்த வழியில் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்து அதை அவனிடம் விட்டுவிடு என்பது, 517ஆவது குறள். நானே இரண்டு ஆண்டுக்கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்கு அடுத்த குறளை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு அவனை அந்த வேலைக்கு உரியவனாக ஆக்கு என்கிறது அது. உரியவனாக ஆக்குவது என்றால் என்ன? இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின விஷயத்தில் நான் உரை எழுதத் தகுதியில்லாதவன், ஆனால் ஐஸ் லாரி வந்து நிற்கும்போது பையில் பணமும் வாயில் சரி என்ற சொல்லும் அவனிடமே இருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். அடுத்த தைப்பூசத்துக்கு நான் காக்கின் அரைத் தாளை எடுத்தேன், அதாவது ஞாபகத்திலிருந்து புதிதாக எழுதினேன். தண்ணீர்ப் பிரிவுக்கு 300 வெள்ளி கையில், ஒரே தடவையில் 100 வரைக்கும் யாரையும் கேட்க வேண்டாம், ரசீதை டப்பாவில் போட்டால் போதும், அதற்கு மேல் போனால் பொருளாளரிடம் ஒரு வார்த்தை. சமையலை ஒரு அக்காவிடம் கொடுத்தோம், 800 வெள்ளியோடு. அந்த அக்கா பத்து வருடமாக எங்கள் பந்தலில் வெங்காயம் உரிப்பவர், ஆயிரம் பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், ஆனால் பட்டியல் போடுகிற கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை. ஆண்கள் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து போடுவோம், பிறகு பற்றாக்குறை வந்தால் அவரிடம் ஓடுவோம்.

முதல் சோதனை ஒரு வாரத்திலேயே வந்தது. அக்கா என்ன செய்தார் தெரியுமா, பதினான்கு வருடமாக நாங்கள் கொடுத்து வந்த கேசரியை எடுத்துவிட்டு மீ ஹூன் கோரெங், அதாவது வறுத்த அரிசிச் சேமியா, என்று எழுதிவிட்டார், சைவமாகத்தான். தைப்பூசப் பந்தலில் மீ ஹூனா? எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மனைவியிடம் ராத்திரி இரண்டு மணி நேரம் புலம்பினேன். "நீங்கதானே அவகிட்ட விட்டீங்க, இப்ப எதுக்கு என்கிட்ட சொல்றீங்க" என்றாள் அவள். நடந்து வருகிறவர்கள் அந்த நேரத்தில் இனிப்பைத் தொடுவதில்லை, பசிக்கு உப்பும் உறைப்பும்தான் தேடுகிறார்கள் என்று அக்கா வருடா வருடம் பார்த்து வைத்திருக்கிறார். பாதி கேசரி குப்பைக்குப் போவதையும் அவர்தான் பார்த்திருக்கிறார், ஏனென்றால் அண்டாவைக் கழுவுவது அவர். இரவு பதினொன்றுக்கெல்லாம் மீ ஹூன் காலி. இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன், பிறகு பேசாமல் கப்புகளை அடுக்கப் போய்விட்டேன்.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது எது என்று கேட்டால், பணத்தைக் கொடுப்பது அல்ல, "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லாமல் இருப்பது. தமிழில் ஒரு தலைவரைக் கெடுக்க இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது. தம்பி வந்து, அண்ணே, பக்கத்துப் பந்தலின் ஸ்பீக்கர் நம் பக்கம் திரும்பி இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை என்பான், நாம் உடனே சரி விடு நான் பார்த்துக்கிறேன் என்போம், அவன் நிம்மதியாகப் போய்விடுவான், அந்த வேலை நம் தலையில் ஏறிக்கொள்ளும். இப்படிப் பதினைந்து வேலை ஏறியதும் எனக்கு யாருமே உதவி செய்வதில்லை என்று அழுவோம். இப்போது நான் பதிலுக்கு, "நீ என்ன செய்யலாம்னு நினைக்கிற?" என்று கேட்கப் பழகுகிறேன். முதல் இரண்டு தடவை பையன்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், ஏதோ பரீட்சை வைக்கிறார் என்று. மூன்றாவது தடவை தம்பி பதிலோடுதான் வந்தான். ஸ்பீக்கர் விஷயத்தை ஒரு தட்டு மீ ஹூனைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பேசி முடித்தான். நான் போயிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நாம் வீட்டில் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். அதையும் பார்த்திருக்கிறேன், ஒரு சங்கத்தில், பெயர் வேண்டாம். தலைவர் எல்லாவற்றையும் செயலாளரிடம் விட்டுவிட்டார், வங்கிக் காசோலைப் புத்தகத்தில் வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அளவுக்கு, கேட்டால் எனக்கு அவர்மீது முழு நம்பிக்கை என்பார். சங்கச் சட்டப்படி ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும், இரண்டு வருடமாகப் போகவில்லை என்பது கடிதம் வந்த பிறகுதான் தலைவருக்குத் தெரிந்தது. அப்போது அவர், "நான் அவரிடம் ஒப்படைத்துவிட்டேனே" என்றார். இதற்குப் பெயர் ஒப்படைப்பது இல்லை, கைகழுவுவது. காக் மனிதவள அலுவலகத்தில் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பந்தலிலும் காசோலைக்கு இன்றுவரை இரண்டு கையெழுத்து, மாநகர் மன்ற அனுமதிக்கு நான் நேரில்தான் போகிறேன், ரசீது டப்பாவை மறுநாள் மத்தியானம் நானும் பொருளாளரும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்துதான் திறக்கிறோம். எப்போது பார்ப்போம் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும், நடுவில் போய் எட்டிப் பார்க்கிற வேலை கிடையாது. அந்த முதல் வருடம் ரசீதில் 18 வெள்ளி இடித்தது, தேடித் தேடிப் பார்த்தோம், யாரோ பூனைக்குட்டிக்கு டின் மீன் வாங்கியிருக்கிறார்கள், அதைச் சொல்ல வெட்கப்பட்டு ரசீதைப் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை, எழுதிக்கொண்டேன், பூனை என்று.

எல்லாருக்கும் ஒரே அளவு கொடுக்க முடியாது என்பதும் உண்மை. புதிதாக வருகிற பதினெட்டு வயதுப் பையனுக்கு முதல் வருடம் 20 வெள்ளி போதும், மேசையில் பழகின ஒருவன் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அது அவமதிப்பு இல்லை. ஐந்து வருடம் கழித்தும் அவன் 20 வெள்ளியிலேயே நின்றால், இளைஞர் பிரிவுத் தலைவருக்கு நாற்பத்தேழு வயது என்றால், அப்போது யோசிக்க வேண்டியது பையன்களைப் பற்றி இல்லை.

வாழையிலை வாங்கின பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைத் திறந்தவுடன் அவன் அம்மா காப்பி கொண்டுவந்தார், அவன் ஒன்றும் பேசாமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான், கடைசியில், "பரவாயில்ல அண்ணே, அதெல்லாம் மறந்தாச்சு" என்றான். மறக்கவில்லை என்பது தெரிந்தது. இன்னும் வரவில்லை. சிலது அப்படித்தான், ஒரு தடவை நறுக்கென்று கேட்ட கேள்வியைப் பத்துத் தடவை நயமாகப் பேசினாலும் திரும்ப எடுக்க முடிவதில்லை.

நான் தலைவர் பதவியில்தான் இருக்கிறேன், அதைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம், கோயில்காரர்கள் கூப்பிட்டால் நான்தான் போகிறேன், மாலையும் எனக்குத்தான் போடுகிறார்கள். ஆனால் இடுப்புப் பை இப்போது தம்பியிடம். போன வாரம் பார்த்தேன், பழைய ஜிப் பல் விட்டுப்போயிருந்ததை மாற்றியிருக்கிறான், பன்னிரண்டு வெள்ளியாம். என்னைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் சூப்பர்வைசர்,
பட்டர்வொர்த், பினாங்கு.